நெய் பூசிய வேல்

புது வீடு கட்டியவரிடம் தெரியாத்தனமாக "வீடு நல்லா இருக்கே" என்று சொல்லிவிட்டால் என்ன நடக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். செருப்பைக் கழற்றி முடிப்பதற்குள் மாடுலர் கிச்சனில் நிற்போம். இழுப்பறையை இழுத்து, "விட்டா தானாவே மூடிக்கும், பாருங்க" என்பார். மூடிக்கொள்ளும். நாம் "அட!" என்போம். அடுத்து குளியலறை, மொட்டை மாடி, தண்ணீர்த் தொட்டி. காபி வருவதற்குள் நான்கு "அட"வும் இரண்டு "பரவாயில்லையே"வும் செலவாகியிருக்கும்.

சுமார் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பு ஔவையாருக்கும் இதுதான் நடந்தது. வீட்டுக்காரர் தொண்டைமான். சுற்றிக் காட்டிய இடம்தான் வேறு. அது அவருடைய ஆயுதக் கொட்டில்.

அனுப்பி வைத்தவர் எங்கள் ஊர்க்காரர், தகடூரை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சி. தகடூர் என்பது இன்றைய தருமபுரி. இங்கே பையன்கள் படிக்கும் அரசுப் பள்ளிக்கு அதியமான் பெயர், பெண்கள் படிக்கும் அரசுப் பள்ளிக்கு ஔவையார் பெயர். அதியமான் ஔவைக்கு நெல்லிக்காய் கொடுத்த கதையை இரண்டு பள்ளியிலும் சொல்லித் தருவார்கள். வேல் கதையைப் பாதி வகுப்பு தூங்கிய பிறகுதான் ஆரம்பிப்பார்கள். நியாயமாகப் பார்த்தால் வரிசை மாறியிருக்க வேண்டும்.

தொண்டைமான் படையெடுக்கப் போகிறான் என்று தகவல் வருகிறது. அதியமான் என்ன செய்திருக்க வேண்டும்? தளபதியை அனுப்பியிருக்கலாம். மதிலை உயர்த்தியிருக்கலாம். குறைந்தபட்சம் ஒரு கண்டன அறிக்கையாவது விட்டிருக்கலாம். அவர் ஒரு கவிஞரை அனுப்பினார். பாதுகாப்பு அமைச்சர் போக வேண்டிய பேச்சுவார்த்தைக்குப் பட்டிமன்ற நடுவரை அனுப்புகிற மாதிரி.

ஔவையார் என்றதும் கோல், திருநீறு, நரைத்த தலையோடு கே.பி. சுந்தரம்பாள் மனதில் வந்து நிற்பார். 1953-ல் ஜெமினி எடுத்த படம் நம் கண்ணில் ஒட்ட வைத்த உருவம் அது. சங்க கால ஔவை வேறு ஆள். அதியமானோடு உட்கார்ந்து கள் குடித்தவர். கொஞ்சம் கிடைத்தால் எங்களுக்கே கொடுத்துவிடுவான், நிறையக் கிடைத்தால் சேர்ந்து குடிப்போம் என்று அவன் இறந்த பிறகு அழுதுகொண்டே பாடியவர். இந்தப் பகுதியைப் பள்ளிக்கூடத்தில் வேகமாகத் தாண்டிவிடுவார்கள்.

இனி காட்சிக்கு வருவோம். வசனம் என்னுடையது, சம்பவம் புறநானூற்றுடையது.

"வாங்கம்மா, வாங்க. களைப்பா இருக்கும். ஆனா ஒரு நிமிஷம், இதைப் பாத்துட்டுப் போயிடலாம்."

கதவு திறக்கிறது. வரிசை வரிசையாக வேல்கள். மயிற்பீலி கட்டியிருக்கிறது, மாலை போட்டிருக்கிறது. காம்பெல்லாம் வழவழவென்று செதுக்கி, முனையெல்லாம் நெய் தடவி, வெளியே பலத்த காவல்.

"எப்படி இருக்கு?"

"மாலை இன்னிக்குப் போட்டதா?"

"தினமும் மாத்தறோம்மா."

"நெய்?"

"பசு நெய்."

ஔவை ஒரு சுற்று சுற்றிவிட்டு நிதானமாகச் சொன்னதன் சாரம் இது. உங்கள் ஆயுதங்கள் அலங்காரமாக, பத்திரமாக, புத்தம் புதுசாக இருக்கின்றன. எங்கள் ஆளுடையவை பாவம், பகைவரைக் குத்திக் குத்தி முனை மழுங்கி, காம்பு உடைந்து, எப்போது பார்த்தாலும் கொல்லன் பட்டறையில்தான் கிடக்கின்றன.

இதில் ஒரு சொல்லைக்கூடத் தொண்டைமானால் குறை சொல்ல முடியாது. பார்த்ததைச் சொன்னார், பாராட்டியும் சொன்னார். வீட்டைச் சுற்றிக் காட்டியவரிடம், "எங்க வீட்டுல அடுப்பெல்லாம் கரி பிடிச்சுக் கிடக்கு, உங்களுது அப்படியே புதுசா இருக்கே, சமைக்கறதே இல்லையா?" என்று கேட்டால் எப்படி இருக்கும்? அந்த வீட்டில் அன்றைக்குக் காபி கொஞ்சம் கசக்கும்.

முடிக்கும்போது ஔவை இன்னொன்றையும் சொருகிவிட்டுப் போகிறார். எங்கள் தலைவன் சோறு இருந்தால் எல்லோருக்கும் போடுவான், இல்லாவிட்டால் இருக்கிறவர்களோடு உட்கார்ந்து பகிர்ந்து தின்பான் என்கிறார். ஆயுதக் கிடங்கில் நின்றுகொண்டு சாப்பாட்டுக் கணக்கைப் பேசுகிறார். வேலுக்குப் பூசுகிற நெய் சோற்றில் விழுந்தால் என்ன என்று அவர் வாய்விட்டுக் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியமும் இருக்கவில்லை.

இதோடு போர் நின்றது என்று உரையாசிரியர்களும் வாத்தியார்களும் சொல்வார்கள். பாட்டில் அது இல்லை. தொண்டைமானின் முகம் எப்படி மாறியது என்றும் இல்லை. ஆனால் அன்றைக்குப் பிறகு விருந்தாளி யாரையும் அந்தப் பக்கம் கூட்டிப்போக அவருக்கு மனம் வந்திருக்காது என்பதை மட்டும் நான் எழுதித் தரத் தயார்.

இதை அகிம்சை என்று சொல்லி ஔவையின் கையில் ராட்டையைக் கொடுத்துவிடாதீர்கள். அந்தக் கேலிக்குள் "எங்காளு நிஜமாவே குத்துவான்" என்ற மிரட்டலும் இருக்கிறது. அதற்கு எல்லையும் உண்டு. தொண்டைமானுக்குப் புரிந்த கேலி சேரமானுக்குக் காதில் விழவில்லை. பெருஞ்சேரல் இரும்பொறை தகடூரை முற்றுகையிட்டுப் பிடித்தான், அதியமான் மாண்டான், ஔவை அழுதார். நகைச்சுவை எல்லா இடத்திலும் வேலை செய்யும் என்று சொல்கிறவன் கல்யாண மண்டபத்தில் மைக் பிடித்ததே இல்லை என்று அர்த்தம்.

அந்தக் காலத்து ஆபத்தான தொழில்நுட்பம் இரும்பு. அதில் எங்கள் பக்கம் முன்னோடி. பர்கூருக்குப் பக்கத்தில் மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பின் காலம் கிமு 2172 என்று 2022-ல் அறிவித்தார்கள். உழுவதற்குக் கொழுவும் அதே உலையில்தான் வந்தது, குத்துவதற்கு வேலும் அதே உலையில்தான் வந்தது. வேலின் சாதனை என்னவென்று பார்க்க வேண்டுமானால் தருமபுரி அருங்காட்சியகத்துக்குப் போங்கள். நடுகற்கள் வரிசையாக நிற்கும். மாட்டைக் கவரப் போனவனும் செத்தான், மீட்கப் போனவனும் செத்தான். மாடு மட்டும் எங்கேயோ மேய்ந்துகொண்டிருந்திருக்கும்.

இப்போது ஒரே தாவலாக இருபதாம் நூற்றாண்டுக்கு வருவோம். தொண்டைமான்கள் பெருகிவிட்டார்கள், கொட்டிலும் பெரிதாகிவிட்டது. சுற்றிக் காட்டும் ஆசை மட்டும் அப்படியே இருக்கிறது.

1946 ஜூலையில் பசிபிக் கடலின் பிகினி தீவில் அமெரிக்கா அணுகுண்டு வெடித்தபோது பத்திரிகைக்காரர்களையும் பல நாட்டு விருந்தாளிகளையும் கப்பலில் கூட்டிப்போய்க் காட்டியது. நான்கே நாளில் பாரிஸில் ஒருவர் இரண்டு துண்டு நீச்சலுடைக்கு அந்தத் தீவின் பெயரை வைத்துவிட்டார். தீவில் குடியிருந்தவர்களைக் கிளப்பியாகிவிட்டது, பெயர் மட்டும் கடற்கரை கடற்கரையாகச் சுற்றுகிறது.

1954 மார்ச் 1 அன்று அதே இடத்தில் இன்னொன்று. ஆறு மெகா டன் அளவுக்கு வெடிக்கும் என்று கணக்குப் போட்டார்கள், பதினைந்து வெடித்தது. பொங்கலுக்கு ஆறு படி போட்டுப் பதினைந்து படி பொங்கினால் தெருவே கூடிக் குலவை போடும். இங்கே பொங்கியது கதிர்வீச்சு. தூரத்தில் மீன் பிடித்துக்கொண்டிருந்த ஜப்பானியப் படகில் இருபத்து மூன்று பேர் மேல் சாம்பல் மழையாய் விழுந்தது. ஒருவர் அந்த ஆண்டே இறந்தார். அந்தப் படகின் பெயருக்கு "அதிர்ஷ்ட டிராகன்" என்று அர்த்தம்.

1961-ல் சோவியத் யூனியன் ஐம்பது மெகா டன் வெடித்துவிட்டு, நூறு வெடிக்கத் திட்டமிட்டதைத்தான் பாதியாகக் குறைத்தோம் என்றது. மாப்பிள்ளை வீட்டார் சீர்வரிசையைக் குறைத்துக்கொண்டதாகச் சொல்வார்களே, அந்தப் பெருந்தன்மை. 1962 ஜூலையில் அமெரிக்கா 400 கிலோமீட்டர் உயரத்தில் ஒன்றை வெடித்துப் பார்த்தது. சுமார் 1,400 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஹவாயில் தெருவிளக்குகள் அணைந்தன. எங்கள் ஊரில் கரண்ட் போனால் அணில் மேல் பழி போடுவார்கள். ஹவாயில் அணிலுக்கு அந்த அளவுக்கு வசதி போதாது.

இந்தச் சமயத்தில்தான் எங்கள் பக்கத்திலிருந்து வெள்ளை மாளிகைக்கு இரண்டாவது தூது கிளம்புகிறது. தூதர் ராஜாஜி.

எங்கள் பக்கம் என்று சொல்வதில் கொஞ்சம் எல்லைத் தகராறு இருக்கிறது. ராஜாஜி 1878-ல் பிறந்தது ஓசூருக்குப் பக்கத்தில் தொரப்பள்ளியில். அப்போது அது சேலம் மாவட்டம். 1965 அக்டோபர் 2 அன்று தருமபுரி மாவட்டம் பிறந்தபோது எங்களுக்கு வந்தது. 2004-ல் கிருஷ்ணகிரியைப் பிரித்தபோது கையை விட்டுப் போனது. ஆக முப்பத்தெட்டு ஆண்டுகள் அவர் தருமபுரிக்காரர். அதில் ஏழு ஆண்டுகள் உயிரோடும் இருந்தார். மாம்பழமும் ஓசூர்த் தொழிற்சாலைகளும் போன வருத்தத்தில் இந்தக் கணக்கை யாரும் போட்டுப் பார்க்கவில்லை.

ராஜாஜிக்கு நான் வக்காலத்து வாங்க வரவில்லை. குலக்கல்விக்காகவும் இந்திக்காகவும் அவரைத் திட்டுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள், காரணத்தோடுதான் திட்டுகிறார்கள். போதாக்குறைக்கு 1937 அக்டோபரில் மதுவிலக்கை முதன்முதலில் கொண்டுவந்ததும் சேலம் மாவட்டத்தில்தான். அதாவது அதியமானும் ஔவையும் பங்கு போட்டுக் கள் குடித்த அதே மண்ணில். இரண்டு தூதர்களையும் ஒரே மேடையில் உட்கார வைத்தால் குண்டு விஷயத்தில் கைகோத்துக்கொள்வார்கள். பானை விஷயத்தில் ஔவை எழுந்து போய்விடுவார்.

அவருடைய அணுகுண்டு எதிர்ப்பு வெள்ளை மாளிகையில் ஆரம்பிக்கவில்லை. 1953 கடைசியில் அமெரிக்கத் துணை ஜனாதிபதி நிக்ஸன் ஆசியச் சுற்றுப்பயணத்தில் சென்னைக்கு வந்தார். அப்போது ராஜாஜி முதலமைச்சர். வந்த விருந்தாளிக்கு மாலை போட்டோமா, காபி கொடுத்தோமா என்றில்லாமல், மறுபிறவி, விதி, அணு ஆயுதம் என்று உட்கார வைத்துப் பாடம் நடத்தினார். நிக்ஸன் மூன்று பக்கம் குறிப்பெடுத்துக்கொண்டார். அந்தக் கருத்துகளைப் பல ஆண்டுகள் தன் மேடைப் பேச்சுகளில் பயன்படுத்தியதாகப் பின்னாளில் அவரே எழுதினார். குண்டுகளின் எண்ணிக்கை மட்டும் குறையவில்லை. நோட்ஸ் எடுக்கிற பையனெல்லாம் பாஸாகிறானா என்ன?

1955-ல் ராஜாஜி அடுத்த யோசனையைச் சொன்னார். அமெரிக்கா சோதனையை நிறுத்தாவிட்டால் அவர்கள் தரும் உதவிப் பணத்தை இந்தியா வாங்கக் கூடாது. உலகத்தில் கடன் கொடுத்தவன்தான் நிபந்தனை போடுவான். கை நீட்டுகிறவன் நிபந்தனை போட்டுக் கேள்விப்பட்டிருக்கிறோமா? நீ வெடி வெடிப்பதை நிறுத்தும்வரை உன் வீட்டுப் பலகாரத்தைத் தொடமாட்டேன் என்கிற கோபம் அது. டெல்லி அதைக் கேட்டுவிட்டுப் பலகாரத்தை எடுத்துக்கொண்டது.

பிறகு 1962 செப்டம்பர். வயது எண்பத்து மூன்று. அதுவரை மேல்நாட்டுப் பக்கமே எட்டிப் பார்க்காத மனிதர். அந்த வயதில் எங்கள் ஊரில் பலர் ஒகேனக்கல்லுக்கே "முழங்கால் வலி" என்று வரமாட்டார்கள். காந்தி அமைதி நிறுவனத்தின் சார்பில் ஆர்.ஆர். திவாகர், பி. சிவராவ் ஆகியோரோடு விமானம் ஏறினார். கதர் வேட்டி, கறுப்புக் கண்ணாடி, கைத்தடி. அமெரிக்கர்கள் வைத்திருந்த குண்டுகளின் எண்ணிக்கைக்கு நிகராக அவரிடம் இருந்தது அந்தத் தடி ஒன்றுதான். அதுவும் நடப்பதற்கு.

செப்டம்பர் 28 அன்று கென்னடியைச் சந்தித்தார். எதிரே உட்கார்ந்திருந்தவருக்கு வயது நாற்பத்தைந்து. பேரன் வயது என்று சொல்ல முடியாவிட்டாலும், பிள்ளை வயது. ராஜாஜி சொன்னதன் சுருக்கம், அவன் நிறுத்தட்டும் நான் நிறுத்துகிறேன் என்று காத்திராமல் நீ முதலில் நிறுத்து, நீ ஜெயிக்கக்கூடிய ஆயுதப் போட்டியும் ஆபத்தான போட்டிதான் என்பது. ஔவை "எங்களுது உங்களுதைவிடப் பழசு" என்று போட்டிக்குள் நின்று கேலி செய்தார். ராஜாஜி போட்டியே கேலிக்கூத்து என்றார். இரண்டாயிரம் ஆண்டில் தகடூர்த் தூது அந்த அளவுக்கு நகர்ந்திருக்கிறது.

சந்திப்பு குறித்த நேரத்தைத் தாண்டி ஓடியது. தன்னை நாகரிகப்படுத்திய சந்திப்பு இது, இவ்வளவு துல்லியமாகவும் அழகாகவும் ஒரு வழக்கை எடுத்துவைத்துத் தான் கேட்டது அபூர்வம் என்ற பொருளில் கென்னடி பாராட்டினார். சேலத்தில் வக்கீல் தொழில் பார்த்தவருக்கு இது பழகிய அனுபவமாகவே இருந்திருக்கும். நீதிபதி வாதத்தை வாயாரப் பாராட்டினார் என்றால் தீர்ப்பு எதிராக வரப்போகிறது என்று எந்த ஜூனியருக்கும் தெரியும். அடுத்த சில நாட்களிலேயே பசிபிக்கில் மறுபடி வெடித்தார்கள்.

சரியாகப் பதினெட்டாம் நாள், அக்டோபர் 16 அன்று, கியூபாவில் சோவியத் ஏவுகணைகள் நிற்கும் புகைப்படங்கள் கென்னடியின் மேஜைக்கு வந்தன. பதின்மூன்று நாள் உலகம் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. அந்த நாட்களில் கைத்தடிக்காரக் கிழவர் கென்னடியின் நினைவுக்கு வந்தாரா என்று யாருக்குத் தெரியும்?

1962-ல் இப்படிக் கிளம்பியவர் ராஜாஜி மட்டும் அல்ல. அந்த ஜூன் மாதம் சதீஷ் குமார், இ.பி. மேனன் என்ற இரண்டு இளைஞர்கள் டெல்லியிலிருந்து மாஸ்கோ, பாரிஸ், லண்டன், வாஷிங்டன் போக நடையைக் கட்டினார்கள். கையில் காசு கொண்டுபோகக் கூடாது என்பது வினோபா கொடுத்த யோசனை. யோசனை சொல்கிறவர்களுக்கு என்ன, நடக்கிறவனுக்குத்தானே கால் வலிக்கும்! வழியில் கருங்கடல் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலை வாசலில் ஒரு தொழிலாளிப் பெண் நான்கு தேயிலைப் பொட்டலங்களைக் கொடுத்தார். மாஸ்கோவுக்கு ஒன்று, பாரிஸுக்கு ஒன்று, லண்டனுக்கு ஒன்று, வாஷிங்டனுக்கு ஒன்று. குண்டுப் பொத்தானை அழுத்தத் தோன்றும்போது ஒரு நிமிடம் நிறுத்தி, இந்தத் தேநீரைப் போட்டுக் குடிக்கச் சொல்லுங்கள் என்பது செய்தி.

இதைவிடச் சிக்கனமான ஆயுதக் கட்டுப்பாட்டுத் திட்டத்தை எந்த மாநாடும் முன்மொழியவில்லை. நம் ஊர் டீக்கடைகளில் பங்காளிச் சண்டையில் பாதி இப்படித்தான் தீர்கிறது. "யோவ், மொதல்ல ஒரு டீயைக் குடி" என்று கிளாஸைக் கையில் திணித்துவிடுவார்கள். சூடான கிளாஸைப் பிடித்துக்கொண்டு யாராலும் சட்டையைப் பிடிக்க முடியாது.

அதே டிசம்பரில் வாஷிங்டனில் இன்னொரு கூத்து. அணுச் சோதனையால் பாலில் கதிரியக்கம் கலக்கிறது என்று போராடிய தாய்மார்களை, கம்யூனிஸ்டுகளா என்று விசாரிக்க நாடாளுமன்றக் குழு ஒன்று கூப்பிட்டது. அந்தக் குழு அழைத்தால் பெரிய பெரிய நடிகர்களும் எழுத்தாளர்களும் நடுங்கிய காலம். பெண்கள் கைக்குழந்தைகளோடு வந்து உட்கார்ந்தார்கள். சாட்சி சொல்லப் போகிறவருக்குப் பூங்கொத்து கொடுத்தார்கள். எழுந்து போகும்போது கைதட்டினார்கள். குழந்தைகள் நேரம் பார்த்து அழுதன. நாட்டையே மிரட்டிய விசாரணை மூன்று நாளில் வளைகாப்பு மண்டபம் மாதிரி ஆகிவிட்டது. பத்திரிகைகள் குழுவைப் பார்த்துச் சிரித்தன. கல்லெறிந்திருந்தால் குழு ஜெயித்திருக்கும். பால்புட்டியை எப்படிக் கைது செய்வது?

1963 ஆகஸ்டில் வானிலும் கடலிலும் விண்வெளியிலும் அணுச் சோதனை கூடாது என்று மாஸ்கோவில் ஒப்பந்தம் கையெழுத்தானது. தொரப்பள்ளிக்காரர் போய்ச் சொன்னதால்தான் என்று நான் எழுதமாட்டேன். அதை வாட்ஸ்அப் பார்த்துக்கொள்ளும். ஆனால் சிரித்தவர்கள், நடந்தவர்கள், குழந்தையைத் தூக்கி வந்தவர்கள் எல்லோருமாகச் சேர்ந்து வெடிப்பதைப் பெருமையிலிருந்து வெட்கத்துக்கு இறக்கியிருந்தார்கள். வெட்கம் வந்ததற்கு அடையாளம், அதற்குப் பிறகு பூமிக்கு அடியில் போய் வெடித்தார்கள். வீட்டுக்குள் பீடி பிடிக்காதே என்றதும் கொல்லைப்பக்கம் போகிற மாமா மாதிரி.

ராஜாஜியும் விடவில்லை. 1966 அக்டோபரில் எம்.எஸ். சுப்புலட்சுமி ஐ.நா. சபையில் பாடினார். அந்த மேடைக்கென்று ராஜாஜி ஆங்கிலத்தில் ஒரு பிரார்த்தனைப் பாடல் எழுதிக் கொடுத்தார். பாவங்களுக்கு இறைவனிடம் மன்னிப்புக் கேட்கும் பாட்டு. உலக நாடுகளின் பிரதிநிதிகள் உட்கார்ந்து கேட்டார்கள், கைதட்டினார்கள். அதியமான் காலத்தில் பாட்டு எழுதியவரே போய்ப் பாட வேண்டியிருந்தது. இந்த முறை நல்ல குரலுக்கு ஏற்பாடு செய்துவிட்டார்.

1972 கிறிஸ்துமஸ் அன்று ராஜாஜி காலமானார். ஒன்றரை ஆண்டு கூட முழுதாக ஆகவில்லை, 1974 மே 18 அன்று பொக்ரானில் இந்தியாவும் வெடித்தது. அதற்குச் "சிரிக்கும் புத்தர்" என்று பெயர். புத்தர் சிரித்தது உண்மையாகவே இருக்கலாம். எதைப் பார்த்துச் சிரித்தார் என்பதை நாம்தான் தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறோம்.

சின்ன வயதில் எங்கள் ஊர்ப் பட்டறைக்கு அரிவாள் தட்ட என்னை அனுப்புவார்கள். துருத்தி ஊதும், கரி சிவக்கும். மூலையில் ஒரு குவியல் கிடக்கும். கொழு, மண்வெட்டி, களைக்கொத்து, பல் போன கதிர் அரிவாள். எதற்கும் மாலை கிடையாது. ஒவ்வொன்றிலும் யாரோ ஒருவருடைய கைவியர்வையின் கறை இருக்கும். உழைத்த இரும்பு எது, சும்மா இருந்த இரும்பு எது என்று அந்தக் குவியலைப் பார்த்தாலே தெரிந்துவிடும். ஔவையின் கேலி எனக்குப் புரிந்தது வகுப்பில் அல்ல, அந்தப் பட்டறையில்.

அந்தக் கேலி இன்றைக்குச் செல்லுமா என்று யோசித்தால்தான் வயிற்றைக் கலக்குகிறது. ஒன்பது நாடுகளின் கொட்டில்களில் ஏறத்தாழ 12,000 அணுகுண்டுகள் இருக்கின்றன. நெய் பூசி, காவல் போட்டு, அவ்வப்போது ஊர்வலத்தில் காட்டி, அத்தனையும் தொண்டைமானின் வேல்கள். முனை மழுங்கியது ஒன்றுகூட இல்லை. "இதையெல்லாம் உபயோகிக்கறதே இல்லையா?" என்று கேட்டு யாரையும் ரோஷப்படுத்திவிட முடியாது. அந்தக் கேள்விக்கு "இல்லை" என்ற பதில்தான் நாம் காலையில் எழுந்து காபி குடிப்பதற்குக் காரணம்.

ஆகையால் ஔவையை இப்போது ஏதாவது ஒரு ஏவுகணைக் கிடங்குக்குக் கூட்டிப்போய், "எப்படி இருக்கும்மா?" என்று கேட்டால் அவர் பழைய பாட்டைப் பாடமாட்டார் என்றே நினைக்கிறேன். சுற்றிலும் ஒரு பார்வை பார்த்துவிட்டு இப்படிச் சொல்லுவார்:

"ரொம்ப அழகா இருக்குய்யா. நெய்யை இன்னும் கொஞ்சம் தாராளமா பூசு. மயில்பீலி போதலைன்னா சொல்லு, எங்க ஊர்லேருந்து மூட்டை கட்டி அனுப்பறேன். கொல்லன் பட்டறைக்கு மட்டும் அனுப்பற மாதிரி வெச்சுக்காதே, சாமி."